முதல் லாரி நின்றால் போதும்

மைக் ஸ்டாண்டு பவித்ராவைவிட உயரமாக இருந்தது. ஒலிபெருக்கிக்காரர் ஓடி வந்து திருகிப் பார்த்தார். துருப்பிடித்த திருகு அசையவில்லை. கடைசியில் மைக்கைக் கழற்றி அவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று சுதந்திர தினம். பள்ளியில் கொடியேற்றி முடித்த கையோடு என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கிராம சபைக் கூட்டத்துக்கு வந்திருந்தார்கள். சட்டையில் குத்திய காகிதக் கொடி அப்படியே இருந்தது. மிட்டாய் தின்ற நாக்குகள் ஆரஞ்சு நிறத்தில் இருந்தன. சாமியானாவுக்குள் நல்ல புழுக்கம்.

"யாருப்பா அது, சின்னப் புள்ளகிட்ட மைக்க குடுத்தது?" என்று பின்வரிசையில் ஒரு குரல்.

"டிரைவர் முருகேசன் மவ. அப்பனுக்குப் பரிஞ்சு பேச வந்திருக்கு."

சிலர் சிரித்தார்கள். பவித்ரா மைக்கைக் கை மாற்றிப் பிடித்தது 'கொர கொர'வென்று கேட்டது. நான் சாமியானாக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.  நான் வாய் திறக்கக்கூடாது. அது பிள்ளைகள் எனக்குப் போட்ட நிபந்தனை.

"நீங்க பேசுனா டீச்சர் சொல்லிக் குடுத்ததுன்னு சொல்லிடுவாங்க. நீங்க சும்மா வந்து நில்லுங்க, போதும்" என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள்.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பெண் ஊர்க்கூட்டத்தில் மைக் பிடிக்கும்படி என்ன வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

சாலைக்கு அந்தப் பக்கம்

போன வாரம் இந்தத் தொடரில் பெரம்பலூரில் என் முதல் வேலையைப் பற்றி எழுதியிருந்தேன். அங்கிருந்து எனக்கு மாறுதல் வந்தது அரியலூரைத் தாண்டி, ரெட்டிபாளையம் போகிற பக்கத்தில் இருக்கும் ஓர் ஊருக்கு. ஊர் பெயர் வேண்டாம். அங்கிருக்கிறவர்கள் படித்தால் அவர்களுக்கே தெரியும்.

ஊர் சாலைக்கு இடப்பக்கம். பள்ளிக்கூடம் வலப்பக்கம். நடுவில் போகிற சாலை சுண்ணாம்புக்கல் லாரிகளுடையது. சுரங்கத்தில் ஏற்றிக்கொண்டு சிமென்ட் ஆலைக்குப் போகிற லாரிகள் எல்லாம் இந்த வழியாகத்தான் போகும். இறக்கிவிட்டு வேறு சாலை வழியாகத் திரும்பிவிடும். பள்ளிக்குச் சற்று முன்னால் ஒரு ரயில்வே கேட்.

நான் சேர்ந்த புதிதில் கரும்பலகையைத் துடைத்துவிட்டுத் திரும்புவதற்குள் மறுபடி வெள்ளையாகப் படிந்திருக்கும். சுண்ணாம்பு சாக்பீஸிலிருந்து வந்ததா, சாலையிலிருந்து வந்ததா என்று தெரியாது. பெரம்பலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து இறங்கும்போது என் கறுப்பு ஹேண்ட்பேக் சாம்பல் நிறமாகியிருக்கும்.

அந்த ஊரில் பாதி வீடுகள் விவசாயம். கடலை, பருத்தி, மக்காச்சோளம். மீதி வீடுகள் லாரியையும் சுரங்கத்தையும் நம்பி இருந்தன. பயிர் மேல் படிகிற புழுதியைப் பார்த்து ஒரு பாதி திட்டும். அதே புழுதியில் மறு பாதிக்குச் சோறு. என் வகுப்பிலும் அப்படித்தான். பெஞ்சுகளில்கூடத் தெரியாமலே அப்படிப் பிரிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

நசுங்கிய சைக்கிள்

ஜூலை கடைசி இருக்கும், ஆடிக்காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு காலை. முதல் மணி அடித்துக்கொண்டிருந்தது. கோகுல் என்கிற என் ஒன்பதாம் வகுப்புப் பையன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்தான். இரண்டு லாரிகளுக்கு நடுவில் புகுந்துவிடலாம் என்று நினைத்திருக்கிறான். காற்றில் புழுதி கண்ணில் விழுந்தது. சைக்கிள் சங்கிலி கழன்றது. அவன் சைக்கிளை விட்டுவிட்டுப் பின்னால் குதித்தான்.

லாரி சைக்கிள் மேல் ஏறி நின்றது.

பையனுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். ஆனால் சக்கரத்துக்கு அடியில் கிடந்த சைக்கிளைப் பார்த்தவர்களுக்கு வேறு என்னவோ கிடப்பதுபோல் தோன்றியிருக்க வேண்டும். ஊரே ஓடி வந்தது. டிரைவரைக் கீழே இழுத்துப் போட்டு அடித்தார்கள். நாங்கள் ஆசிரியர்கள் ஓடிப்போய் விலக்குவதற்குள் அவர் உதடு கிழிந்திருந்தது.

டிரைவர் முருகேசன். பவித்ராவின் அப்பா.

மறுநாள் வகுப்பில் பவித்ரா உட்கார்ந்த பெஞ்சில் அவளைத் தவிர யாரும் இல்லை. பக்கத்தில் உட்காரும் இரண்டு பெண்களும் தள்ளிப் போயிருந்தார்கள். நான் உள்ளே நுழையும்போது கையில் கட்டுப்போட்ட கோகுல் சொல்லிக்கொண்டிருந்தான்:

"ஒங்கப்பன்தான ஏத்துனது. நான் செத்திருந்தா?"

 அடுத்த நாளிலிருந்து அவள் பள்ளிக்கு வரவில்லை.

ஊரில் வேறு பேச்சு ஓடியது. சுதந்திர தினத்தன்று கிராம சபை. அதில் லாரிகளே இந்தச் சாலையில் வரக்கூடாது என்று தீர்மானம் போடுவது, மறுநாள் சாலை மறியல். லாரிக்காரர் வீடுகளும் சும்மா இல்லை. எங்களை அடித்தவர்களைப் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். டீக்கடையில் இரண்டு தரப்பும் ஒரே பெஞ்சில் உட்காருவது நின்றது.

"அது பாடத்துல இல்ல"

இங்கே என் சொந்தக் கதை கொஞ்சம்.

நான் லெப்பைக்குடிக்காட்டில் பிறந்தவள். எங்கள் தெருவில் ஆண்கள் கடிதத்திலும் பிறகு தொலைபேசியிலும்தான் வாழ்ந்தார்கள். அத்தா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா துபாயில், பெரியத்தா சவூதியில், மாமா குவைத்தில். அத்தா வரும் நாள்களில் வீடு முழுக்க ஒரு செண்டு வாசனை. அவர் போன பிறகும் பீரோவைத் திறந்தால் அந்த வாசனை கொஞ்ச நாள் இருக்கும். அப்புறம் அதுவும் போய்விடும்.

ஏழாம் வகுப்பிலோ எட்டிலோ, ஆசியா வரைபடத்தில் பாரசீக வளைகுடாவைக் குறிக்கச் சொன்னார்கள். வகுப்பிலேயே முதலில் குறித்தவள் நான். எனக்கா தெரியாது! குறித்துவிட்டுக் கேட்டேன்: "டீச்சர், எங்க ஊர்ல மட்டும் எல்லா அத்தாவும் ஏன் அங்க போறாங்க? இங்க வேலை இல்லையா?"

"அது பாடத்துல இல்ல. உக்காரு."

அந்த டீச்சர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நல்ல மனுஷி, தலைவலி என்றால் தன் பையிலிருந்து தைலம் எடுத்துத் தேய்த்துவிடுவார். ஆனால் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதே கேள்வியைக் கேட்டேன். அம்மா ஆணம், அதாவது குழம்பு, தாளித்துக்கொண்டே சொன்னார்: "பாடத்துல இல்லன்னா என்ன, வூட்ல இருக்குல்ல? நீயே யோசிச்சுப் பாரு."

அது என்னிடமே நின்றுவிட்டது. சமூக அறிவியல் என்றால் மன்னர்கள், ஆண்டுகள், ஆறுகள் உற்பத்தியாகும் இடம் என்று மனப்பாடம் செய்து ஒப்பிப்பதுதான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பிள்ளைகள் மட்டுமில்லை, ஆசிரியர்களும்தான். 'சோசியல்தானே' என்பார்கள் சக ஆசிரியர்கள். கணக்குப் பரீட்சை வந்தால் என் பாடவேளையை எடுத்துக்கொள்வார்கள். எனக்கு மட்டும் தெரு, வீடு, பஸ், கடை எல்லாமே சமூக அறிவியல்தான் என்று தோன்றும்.

இந்த ஊர்ப் பள்ளியில் சேர்ந்த முதல் வருடம் ஒரு பெண் ஓடையில் கிடைத்தது என்று சங்கு போன்ற ஒரு கல்லைக் கொண்டுவந்தாள். "இங்க முன்னாடி கடல் இருந்துச்சாம் டீச்சர்" என்றாள். "யார் சொன்னது?" என்றேன். "எல்லாரும் சொல்றாங்க." "எல்லாரும் சொன்னா உண்மையாயிடுமா? வேற எதாவது சொல்லு" என்றேன். அன்று முழுக்க அந்த வகுப்பு சண்டை போட்டது. யாரோ கடற்கரையிலிருந்து வாங்கிவந்து போட்டிருக்கலாம் என்றான் ஒருவன். "அப்ப கல்லா எப்படி ஆச்சு?" என்றாள் இன்னொருத்தி. மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. அதிலிருந்து எங்கள் வகுப்பில் 'எல்லாரும் சொல்றாங்க' என்று யாரும் சொல்லக்கூடாது என்பது சட்டமாகிவிட்டது.

பவித்ரா வீட்டில்

அவளைத் தேடிக்கொண்டு ஒரு மாலை அவள் வீட்டுக்குப் போனேன். முருகேசன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டார். உதட்டில் தையல்.

"புள்ள ஏன் ஸ்கூலுக்கு வரல?" என்றேன்.

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வரும் டீச்சர்?" என்றார் அவர் மனைவி. "கொலகாரன் மவங்கிறாங்களாம். அந்தப் பையன் நல்லா இருக்கானேன்னு மாரியாத்தாளுக்கு வெளக்கு போட்டது நாங்க."

பவித்ரா கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"நீ வரணும்" என்றேன். "நாளையிலிருந்து வகுப்புல பாடம் கிடையாது. அந்த விபத்து எப்படி நடந்துச்சுன்னு எல்லாருமா கண்டுபிடிக்கப் போறோம். நீ இல்லாம பண்ணுனா அது பாதிதான் இருக்கும்."

"எல்லாரும் எங்கப்பாவத்தான் சொல்லுவாங்க."

"எப்படித் தெரியும்னு நீ கேளு. அதான நம்ம சட்டம்?"

அவள் சிரிக்கவில்லை. ஆனால் மறுநாள் வந்தாள். வழக்கமான இடத்தில், காலிப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்தாள்.

வகுப்பறை லாரிகள்

"பிரச்சினை என்ன?" என்று கரும்பலகையில் எழுதினேன்.

"லாரி" என்றது பாதி வகுப்பு.

"வேகம்" என்றான் கோகுல்.

"வேகமா வந்துச்சா? நீ பாத்தியா?" என்று கேட்டது பவித்ராதான். முதல் முறையாக வாய் திறந்தாள்.

கோகுல் யோசித்தான். அவன் நேர்மையான பையன். கோபக்காரன், ஆனால் நேர்மையானவன். "இல்ல. மெதுவாத்தான் வந்துச்சு. ஆனா விடாம வந்துச்சு. ஒண்ணு பின்னாடி ஒண்ணு. எடமே இல்ல."

"அந்த நேரத்துல ஏன் விடாம வருது?" என்று கேட்டேன்.

யாருக்கும் தெரியவில்லை. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். சுரங்கத்தில் அப்போதுதான் வேலை ஆரம்பிக்கிறது, டிரைவர்கள் போட்டி போடுகிறார்கள், ஆலையில் சீக்கிரம் கேட்கிறார்கள். 'எப்படித் தெரியும்?' என்று கேட்டதும் ஒவ்வொன்றாக வாடி உதிர்ந்தது.

சரி, பார்ப்போம் என்று முடிவாயிற்று. ஒரு வாரம் காலையில் சீக்கிரம் வந்து ஒரு குழு பள்ளிச் சுவருக்கு உள்ளிருந்தும், இன்னொரு குழு எதிரே மளிகைக் கடை வாசலிலிருந்தும் சாலையைப் பார்த்தார்கள். குழுக்களை நான்தான் பிரித்தேன். விவசாய வீட்டுப் பிள்ளையும் லாரி வீட்டுப் பிள்ளையும் ஜோடி ஜோடியாக. கோகுலும் பவித்ராவும் ஒரு ஜோடி. முதல் நாள் இருவரும் கடை வாசலின் இரண்டு ஓரங்களில் நின்றார்கள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அங்கே ஒரே குடைக்குள் நின்று ஏதோ வாக்குவாதம் செய்துகொண்டிருந்ததைப் பார்த்தேன்.

அவர்கள் கண்டது இதுதான். முதல் மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ரயில் போகிறது. கேட் மூடுகிறது. லாரிகள் வரிசையாகச் சேர்கின்றன. கேட் திறந்ததும் மொத்தமாகக் கிளம்பி ஒட்டிக்கொண்டே வருகின்றன. சரியாக அப்போதுதான் பிள்ளைகள் சாலையைக் கடக்கிறார்கள். கேட் மூடியிருக்கும்போது சாலை காலி. ஆனால் அந்த நேரத்துக்குப் பிள்ளைகள் வருவதில்லை.

"அப்ப ரயில் நேரத்த மாத்தச் சொல்லணும்" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

வகுப்பில் நடித்துப் பார்க்கலாம் என்றேன். டெஸ்குகளை ஓரம் தள்ளினோம். பத்துப் பதினைந்து பேர் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்து லாரி வரிசையானார்கள். இதில் நான் ஒரு மாற்றம் செய்தேன். கோகுல் லாரி டிரைவர், பவித்ரா சைக்கிள் பையன்.

கோகுல் முறைத்தான். ஆனால் நின்றான்.

வரிசை கிளம்பியது. பவித்ரா இடைவெளி தேடித் தேடி நின்றாள். புகவே முடியவில்லை. கடைசியில் மணி அடித்ததாக நான் கைதட்டியதும், கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். கோகுல் மேல் மோதினாள். கோகுல் அப்படியே நின்றுவிட்டான்.

"நான் பாக்கவே இல்ல டீச்சர்" என்றான் திணறலாக. "முன்னாடி போறவன் முதுகத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

 அவன் தன்னையறியாமல் யாருடைய வார்த்தைகளைச் சொன்னான் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. அடி வாங்கும்போது முருகேசன் அதையேதான் கத்தினார். பவித்ரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுபடி ஒரு தடவை ஆடினோம். இந்த முறை வரிசையின் முதலில் நின்ற பையனுக்குத் தும்மல் வந்தது. நின்று தும்மினான். பின்னால் வந்த அத்தனை பேரும் ஒருவர் மேல் ஒருவர் மோதி நின்றார்கள். ஒரே சிரிப்பு. பவித்ரா மட்டும் சிரிக்காமல் அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"டீச்சர், எல்லா லாரியையும் நிறுத்த வேண்டாம். முதல் லாரி நின்னா போதும்."

எனக்கு உடனே புரியவில்லை. அவள் விளக்கினாள். கேட்டில் வரிசை சேர்வதால்தானே கஷ்டம்? ஆனால் வரிசை என்றால் அதற்கு ஒரு தலை இருக்கிறது. பள்ளிக்கு முன்னால் அந்தத் தலை லாரி நின்றால் பின்னால் எல்லாம் தானாக நிற்கும். பிள்ளைகள் கடந்ததும் கிளம்பட்டும். யாருக்கும் வேலை போகாது.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அல்ஹம்துலில்லாஹ், இறைவனுக்கே புகழ் என்று மனசுக்குள் சொன்னேன். இத்தனை வருடத்தில் எத்தனையோ நூற்றுக்கு நூறு பார்த்திருக்கிறேன். அன்று வந்த பெருமை அதற்கெல்லாம் வரவில்லை.

மணிச் சத்தம்

ஆனால் பிள்ளைகள் அதோடு நிற்கவில்லை. அவசரப்பட்டு ஓடுவது ஏன் என்று கோகுல் கேட்டான். அவனே பதிலும் சொன்னான். "லேட்டா வந்தா வெளில நிக்க வைப்பாங்க. அதான் நான் ஓடுனேன். மணி அடிக்கலன்னா நின்னு வந்திருப்பேன்."

தாமதமாக வந்தவர்களைப் பள்ளி வாசலுக்கு வெளியே வெயிலில் நிறுத்துவது எங்கள் பள்ளி வழக்கம். தலைமையாசிரியர் அதில் கண்டிப்பானவர். பிள்ளைகளின் முடிவுகளை அவரிடம் கொண்டுபோனேன்: ரயில்வே கேட்டில் சேரும் வரிசை, முதல் லாரியை நிறுத்துவது, வெளியே நிறுத்தும் தண்டனை. முதல் இரண்டு விஷயங்களுக்குத் தலையாட்டியவர், மூன்றாவதில் கண்ணாடியைக் கழற்றினார்.

"பள்ளிக்கூடத்தையே குத்தம் சொல்றாங்களா? இதத்தான் சொல்லிக் குடுக்கிறீங்களா டீச்சர்?"

"நான் சொல்லிக் குடுக்கல சார். அவங்க பாத்தது."

"ஊர்க் கூட்டத்துல இது வரக்கூடாது. நாளைக்கு எல்லாரும் நம்ம மேல பாய்வாங்க. லாரியப் பத்திப் பேசுறதுன்னா பேசட்டும்."

வகுப்பில் வந்து சொன்னேன். கோகுல் எழுந்தான். "அப்ப உண்மைல பாதிய மட்டும் சொல்லணுமா டீச்சர்? அது எல்லாரும் சொல்றாங்கங்கிற மாதிரிதான."

திரும்பவும் அவர் அறைக்குப் போனேன். வேலை போய்விடாது, ஆனால் விளக்கம் கேட்டு மெமோ வரும்.  "சார், நாளைக்கு ஒரு காலைல மட்டும் எங்ககூட வந்து நின்னு பாருங்க. அப்புறமும் வேணாம்னு தோணுனா சொல்லுங்க, அவங்கள நான் நிறுத்திடுறேன்" என்றேன்.

வந்தார். கடை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கேட் திறந்தது. லாரிகள் வந்தன. மணி அடிக்க ஆரம்பித்ததும், சாலையோரம் பொறுமையாக நின்றிருந்த ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பாய்ந்தாள். பவித்ரா அவள் பையைப் பிடித்து இழுத்துவிட்டாள். லாரி கடந்து போனது.

தலைமையாசிரியர் சாலை காலியாகும்வரை காத்திருந்து, அந்தச் சிறுமியின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு கடந்தார். அன்று யாரும் வெளியே நிற்கவில்லை. சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "மூணையும் பேசட்டும்" என்றார்.

சைக்கிள்காரன் எழுந்தான்

இனி சாமியானாவுக்குத் திரும்புவோம்.

பின்வரிசைச் சிரிப்பு அடங்கவில்லை. "லாரிய நிறுத்தணும்னு தீர்மானம் போடுங்க, அவ்வளவுதான். புள்ளைங்க பேச்செல்லாம் எதுக்கு?" என்றார் ஒருவர். ஊராட்சித் தலைவர் ஒரு பெண். ஆனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர்தான் "நீ எறங்கும்மா" என்று பவித்ராவிடம் சொன்னார்.

பவித்ரா அவரைப் பார்க்காமல் தலைவரைப் பார்த்தாள். "தலைவரம்மா, நான் பேசலாமா வேணாமான்னு நீங்க சொல்லுங்க."

தலைவர் ஒரு கணம் திகைத்தார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்தார். "பேசு" என்றார். கணவரின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

"டிரைவர் மவ வேற எப்படிப் பேசும்?" என்றது மறுபடி அந்தக் குரல்.

அப்போது பிள்ளைகள் நடுவிலிருந்து கோகுல் எழுந்தான். முழங்கைத் தழும்பு இன்னும் சிவந்திருந்தது. "நசுங்குனது என் சைக்கிள்" என்றான் மைக் இல்லாமலே. குரல் உடைகிற வயது, கீச்சென்று கிளம்பியது. "செத்திருக்க வேண்டியது நான். நானே கேக்குறேன். நீங்களும் கேளுங்க."

பின்வரிசைச் சிரிப்பு நின்றது.

பவித்ரா பேசினாள். கேட், வரிசை, முதல் லாரி. வெளியே நிறுத்தும் தண்டனைக்கு வந்தபோது ஒரு நொடி நின்று தலைமையாசிரியரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். சொன்னாள். உடனே அவரே எழுந்து, "இனி லேட்டா வந்த புள்ளைங்கள வெளில நிறுத்த மாட்டோம். அது என் பொறுப்பு" என்றார்.

"லாரிய நிறுத்தச் சொல்றது சுலபம்" என்று ஒரு பெரியவர் ஆரம்பித்தார். "எவன் நிப்பான்?"

லாரி ஓட்டுநர்கள் சிலர் சாமியானாவுக்கு வெளியே வெயிலில் நின்றிருந்தார்கள். அவர்களில் மூத்தவர் ஒருவர் உள்ளே வந்தார். "நிப்போம். எங்க புள்ளைங்களும் அங்கதான் படிக்குது. ஆனா கொடி காட்ட ஆள் வேணும். ஆள் இல்லாம எங்க நிக்கிறதுன்னு தெரியாது."

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. காலை நேரம், வயல் வேலை, வீட்டு வேலை. யார் தினம் வந்து நிற்பது?

"நான் நிக்கிறேன்" என்றார் கோகுலின் அம்மா. கடலைக் கொல்லையில் களை எடுக்கிறவர். அன்றுவரை மறியலுக்கு முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருந்தவர். "புள்ளைய அனுப்பிட்டுத்தான கொல்லைக்குப் போறேன். கூட ஒரு அஞ்சு நிமிசம் நின்னுட்டுப் போறேன்."

தீர்மானம் போட்டார்கள். மறியல் நடக்கவில்லை. டிரைவரை அடித்ததற்கு யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் கூட்டம் கலைந்தபோது கோகுலின் அம்மா முருகேசன் மனைவியிடம் போய் என்னவோ பேசினார். இருவரும் சேர்ந்தே தெருவில் நடந்து போனார்கள்.

அடுத்த திங்கட்கிழமை காலை. கேட் திறந்தது. கோகுலின் அம்மா தோளில் துண்டும் கையில் சிவப்புக் கொடியுமாகப் பள்ளிக்கு எதிரே நின்றார். முதல் லாரி வந்தது. பிரேக் பிடித்தது. அதன் பின்னால் ஒவ்வொன்றாக 'புஸ் புஸ்' என்று காற்று விட்டுக்கொண்டு நின்றன. நான் அந்தச் சாலையை அவ்வளவு அமைதியாகப் பார்த்ததே இல்லை. பிள்ளைகள் ஓடவில்லை. பேசிக்கொண்டு, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக்கொண்டு நடந்தார்கள். பவித்ரா பெஞ்சில் அன்று மூன்று பேர்.

அடுத்த வகுப்பு

அதற்கடுத்த வருடம் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தவர்களிடம் இந்தக் கதையை நான் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். கொஞ்சம் என்ன, நிறையவே. எல்லோரும் கேட்டார்கள். கைதட்டினார்கள். இலக்கியா என்று ஒரு பெண் மட்டும் கைதட்டவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன இலக்கியா?"

"இதுல ஒரு ஓட்ட இருக்கு டீச்சர்."

"சொல்லு."

"கேட் மூடுனாத்தான வரிசை சேரும்? ரயில் லேட்டா வர்ற அன்னைக்குக் கேட் மூடாது. லாரி தனித்தனியா வரும், வேகமா வரும். அன்னைக்கு முதல் லாரின்னு எத நிறுத்துவீங்க?"

வகுப்பு என்னைப் பார்த்தது.   அவ்வளவு பேர் அவ்வளவு நாள் யோசித்ததில் யார் கண்ணிலும் படாதது.

பக்கத்து வகுப்புக்கு ஆள் அனுப்பிப் பத்தாம் வகுப்புப் பவித்ராவைக் கூப்பிட்டேன். வாசலில் வந்து நின்றாள். "இலக்கியா, இவங்ககிட்டயே கேளு" என்றேன். இலக்கியா எழுந்து அதே கேள்வியைக் கேட்டாள். இந்த முறை மெதுவாக. பள்ளியிலேயே பெயர் வாங்கியவள் ஆயிற்றே எதிரே நிற்பது.

பவித்ரா கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். கோபித்துக்கொள்வாளோ என்று பார்த்தேன்.  அவள் முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது.

"இத நாங்க பாக்கவே இல்லயே" என்றாள். உள்ளே வந்து இலக்கியாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நாளைக்குக் காலைல சீக்கிரம் வரியா? கடை வாசல்ல நின்னு பாப்போம்."